இனிப்புக்கு மரபு, கசப்புக்குப் பகுத்தறிவு

நம் முன்னோர் முட்டாள்கள் அல்லர் என்பதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. குறிப்பாக, அவர்கள் நெய் ஊற்றச் சொன்ன இடங்களில். எந்த மாதத்தில் எதைத் தின்ன வேண்டும் என்று பஞ்சாங்கத்துக்குள்ளேயே ஒரு பலகாரப் பட்டியலை ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆவணியில் சீடையும் கொழுக்கட்டையும். புரட்டாசியில் சுண்டல். ஐப்பசியில் அதிரசம். கார்த்திகையில் பொரி உருண்டை. மார்கழியில் வெண்பொங்கலும் திருவாதிரைக் களியும். தையில் சர்க்கரைப் பொங்கல். மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரத்தில் காரடை. வருஷம் தவறாமல் இந்தக் கடமைகளை நான் ஆற்றி வருகிறேன். போன வருஷத்துப் பேன்ட்டுக்கும் எனக்கும் நடுவில் இன்று நிற்பது தமிழர் பண்பாடு.

வெறுமனே தின்றுவிட்டு ஏப்பம் விடுகிற ஆள் இல்லை நான். ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானக் காரணம் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன். காரணம் நீளமானால் பண்டம் ஆறிவிடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லப் பழகிக்கொண்டேன். வெண்பொங்கலையே எடுத்துக்கொள்வோம். அரிசிப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு; பாசிப்பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அதற்குப் பஞ்சமில்லை. ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டுகிறது. சோதனைக்கூடம் இல்லாத காலத்தில் இதைக் கண்டுபிடித்தார்களே என்று கண்கலங்கியபடி இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்டுவேன்.

என் மனைவி கணக்கு டீச்சர். அவளைக் கண்கலங்க வைப்பது கடினம்.

"அரிசியும் பருப்பும் சாம்பார் சாதத்துலயும்தான் சேருது. இதுல ஊத்தின நெய் எந்த அமிலத்தோட குறையைங்க ஈடுகட்டுது?"

ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஏறத்தாழ 120 கலோரி. எங்கள் வீட்டு வெண்பொங்கலில் எத்தனை மேசைக்கரண்டி என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊற்றியது நான்தான், அவள் குளிக்கப் போயிருந்தபோது.

நவராத்திரியிலும் இதே கதைதான். கொலுவுக்கு யாரும் ஆண்களை அழைப்பதில்லை. வெற்றிலை பாக்கும் குங்குமமும் பெண்களுக்குத்தான். ஆனால் மனைவியை ஸ்கூட்டரில் வைத்து தில்லைநகரிலிருந்து உறையூர் வரை வீடு வீடாகக் கொண்டுபோகிற சாரதிக்குச் சுண்டல் பொட்டலம் உண்டு. ஒரு வீட்டில் கொண்டைக்கடலை, அடுத்த வீட்டில் காராமணி, அதற்கடுத்து மொச்சை. மாவிளக்கும் புட்டும் கொடுக்கிற வீடுகள் எந்தக் கிழமை எதைச் செய்யும் என்பது வரை மனப்பாடம். "புரதம்" என்று நான் வாசலில் நின்று விளக்கம் கொடுக்க ஆரம்பிப்பேன். 100 கிராம் கொண்டைக்கடலையில் 19 கிராம் புரதம், ஆட்டுக்கறிக்குப் போட்டி என்பேன். அது காய்ந்த கடலையின் கணக்கு. ஊறி வெந்த பிறகு அதே 100 கிராமில் பாதிக்கு மேல் தண்ணீர், புரதம் பாதிக்கும் கீழே என்று பின் சீட்டிலிருந்து திருத்தம் வரும். தேங்காய்த் துருவலின் கணக்கைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. வீட்டில் சமாதானம் நிலவ வேண்டுமே.

இதெல்லாம் சில்லறைச் சண்டை. பெரிய சண்டை ஆடியில் வரும்.

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தெரு மாரியம்மன் கோவிலில் விடியற்காலை நாலு மணிக்கே குழாய் ஒலிபெருக்கி எழுந்துவிடும். அதைத் தொடர்ந்து தெருவும் எழும். கோவில் முற்றத்தில் பெரிய அண்டாக்களில் கூழ். என் அம்மா லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். எண்பதைத் தாண்டியும் கடைவாய்ப் பல்லால் மோர் மிளகாயைக் கடிப்பவர். அவருக்கு ஆடிக் கூழ் என்றால் தீபாவளி. கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யை வேகவிட்டு, அதில் மாவைக் கொட்டிக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறி, ஆறவைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்ட அந்தக் கூழைக் கோவிலிலிருந்து ஒரு பெரிய தூக்கு நிறைய வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைப்பார். பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல்.

அந்த நிமிஷத்தில் எனக்குள் உறங்கிக் கிடக்கிற பகுத்தறிவாளர் கண்விழிப்பார். ஐப்பசியில் இவர் எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்கக் கூடாது. விழித்தவர் நேராக நுண்ணுயிரியலுக்குப் போவார். "புளிச்ச மாவும்மா. ராத்திரி முழுக்க வெளியில கிடந்திருக்கு. எந்தப் பாத்திரம், எந்தத் தண்ணி, எத்தனை கிருமி... பழைய காலத்துல இருந்த ஒரே காரணத்துக்காக ஒரு வழக்கத்தை நாம கண்ணை மூடிக்கிட்டு..."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டா, இட்லி மாவு மட்டும் என்ன, கங்கைத் தண்ணியிலயா புளிக்குது?"

இட்லி வேகிறது, கூழ் மாவும் வேகிறது, இரண்டிலும் புளிக்கவைக்கிறது ஒரே வகைக் கிருமிக் கூட்டம்தான் என்று மனைவி எடுத்துக்கொடுத்தாள். மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் நிற்கிற வீடு உருப்படும் என்பார்கள். உருப்படட்டும், குடிக்கப் போகிறது நான்தானே.

போதாததற்கு என் முழங்கால் வேறு அவர்கள் பக்கம் சாட்சி சொல்லிற்று. எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையை நான் வேளா வேளைக்கு விழுங்கிக்கொண்டிருந்த சமயம் அது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அதே அளவு பசும்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புளிக்கவைத்தால் தானியத்தில் இருக்கிற ஃபைட்டிக் அமிலம் குறையும். குறைந்தால் அந்தக் கால்சியமும் இரும்பும் உடம்பில் சேர்வது எளிதாகும். அதாவது முன்னோர் முட்டாள்கள் அல்லர் என்பதற்கு என் வாழ்நாள் முழுக்க நான் தேடிக்கொண்டிருந்த ஆகச் சிறந்த ஆதாரம் ஒரு தூக்குக்குள் பழுப்பு நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதற்கு எதிராக வாதாடிக்கொண்டிருந்தேன்.

குடித்தேன். நன்றாகவே இருந்தது என்று இங்கே எழுதலாம். அம்மா இதைப் படித்துவிடுவார் என்ற பயம் தடுக்கிறது.

இதே கேழ்வரகு வேறொரு வேஷத்தில் வந்தபோது நான் சிவப்புக் கம்பளம் விரித்ததையும் சொல்லிவிடுகிறேன். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததல்லவா? முன்மொழிந்ததே இந்தியாதான். நம் பாட்டிமார் உலையில் கொதித்த வரகும் சாமையும் தினையும் குதிரைவாலியும் ஒரே ராத்திரியில் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு கண்ணாடி ஜாடிக்குள் ஏறி உட்கார்ந்தன. கேழ்வரகு சாக்லேட் பிஸ்கட், தினை லட்டு, வரகு முறுக்கு, கம்பு மிக்ஸர். பொருட்காட்சி ஒன்றில் இவற்றைக் கண்ட மாத்திரத்தில் என் தேசப்பற்று பொங்கிவிட்டது. இரண்டு கட்டைப்பை நிறைய வாங்கி வந்தேன். விலையைக் கேட்ட அம்மா, "இந்தக் காசுக்கு எங்க அப்பா ஒரு வண்டி கம்பு வித்திருப்பாரு" என்றார். வரகு முறுக்கை நான் ஆரோக்கிய உணவாகக் கருதி, அரிசி முறுக்கைத் தின்பதைவிட இரண்டு மடங்கு தின்றேன். கொதிக்கிற எண்ணெய்க்கு வரகும் ஒன்று, அரிசியும் ஒன்று என்ற உண்மை முறுக்கு தீர்ந்த பிறகுதான் வீட்டில் அறிவிக்கப்பட்டது.

வெல்லத்திலும் இப்படித்தான். வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று எங்கோ படித்த நாளிலிருந்து நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு என்று மாறினேன். காபிக்கு ஒரு கரண்டி சர்க்கரை போட்டவன், நாட்டுச் சர்க்கரையில் இரும்புச்சத்து இருக்கிறதென்று இரண்டு கரண்டி போட்டேன். வெல்லத்தில் 100 கிராமுக்கு 380 கலோரி பக்கம், சர்க்கரையில் 400 பக்கம். மண்ணின் மைந்தன் என்பதற்காகக் கொடுக்கப்படும் சலுகை அந்த இருபதுதான். இரும்பு இருக்கிறது, மெய்தான். அதற்காக வெல்லத்தைத் தின்று ரத்தசோகையைத் தீர்க்கப் பார்த்தால் ரத்தசோகை தீருவதற்குள் இன்னொன்று வந்து சேரும். அது வந்த கதைக்குப் பிறகு வருகிறேன்.

கசப்பு விஷயத்தில் என் பகுத்தறிவு இன்னும் கூர்மை. சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவை வறுத்துப் போடுவார்கள். பங்குனிக் கடைசியில் மரத்தடி வெள்ளையாகிற அளவுக்குப் பூ கொட்டுகிற பருவம். மாங்காயும் அப்போதுதான் இறங்கும். புளிப்பு, இனிப்பு, காரம், கசப்பு எல்லாம் வாழ்க்கையில் கலந்து வரும் என்று அதற்குத் தத்துவம் சொல்வார்கள். வாழ்க்கையைத் தரம் பிரித்து எடுத்துக்கொள்வதில் நான் கைதேர்ந்தவன். வெல்லப் பாகில் ஊறிய மாங்காய்த் துண்டுகள் எனக்கு. வேப்பம்பூ இலையின் ஓரத்துக்கு. வைகுண்ட ஏகாதசியிலும் இதே முறை. ஸ்ரீரங்கம் பக்கத்தில் இருந்துகொண்டு ஏகாதசி விரதம் இருக்காவிட்டால் ஊர் சிரிக்கும் என்பதால் இருப்பேன். அரிசிச் சோறுதான் ஆகாது. ரவை உப்புமா ஆகும், கோதுமை தோசை ஆகும், பழம் ஆகும். பலகாரம் எதெது ஆகும் என்று சொன்ன பெரியவர்கள் எவ்வளவு ஆகும் என்று சொல்லாமல் விட்டது அவர்களுடைய பெருந்தன்மை. மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரையும் சுண்டைக்காயும் நெல்லிக்காயும் இலையில் விழும். பட்டினி கிடந்த வயிற்றுக்கு அதுதான் மருந்தாம். ஆபீசில் எனக்கு அவசர வேலைகள் வருவது பெரும்பாலும் துவாதசியன்று காலையில்தான்.

விரதம் என்றதும் சமயபுரம் ஞாபகம் வருகிறது. உலகத்தில் எல்லாக் கோவிலிலும் பக்தர்கள் தெய்வத்துக்காகப் பட்டினி கிடக்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிற சமயபுரத்தில் ஆத்தாவே பக்தர்களுக்காகப் பட்டினி கிடக்கிறாள். மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலோடு தொடங்கி 28 நாள். பச்சைப்பட்டினி விரதம் என்று பெயர். அந்த நாட்களில் வழக்கமான தளிகை கிடையாது. நீர்மோர், பானகம், இளநீர், துள்ளுமாவு இவைதான் நைவேத்தியம். கோடை தலைகாட்டுகிற பருவம். சொல்லிவைத்த மாதிரி அத்தனையும் குளிர்ச்சி.

இந்தச் செய்தியில் எனக்குக் கிடைத்த நிம்மதிக்கு அளவே இல்லை. "நமக்காக ஆத்தாளே விரதம் இருக்கும்போது நாமளும் இருந்தா அது அவளை நம்பாத மாதிரி ஆயிடும்மா" என்றேன்.

"அவ உலகத்து உசுருக்கெல்லாம் இருக்கா. உன் தொப்பைக்கு இல்லை" என்றார் அம்மா.

மனைவி ஒரு படி மேலே போனாள். ஆத்தா சாப்பிடுவதையே நானும் ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்க்கலாமே என்றாள். சாயங்கால டிபனுக்கு வடையும் பஜ்ஜியும் நின்றது. நீர்மோர் வந்தது. பெருங்காயமும் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்ட நீர்மோர், பங்குனி வெயிலுக்கு அருமை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவள் துள்ளுமாவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பச்சரிசியை ஊறவைத்து இடித்து வெல்லத்தையும் ஏலக்காயையும் சேர்த்துப் பிசைவதுதானே துள்ளுமாவு? ஒரு வாரத்தில் ஆத்தாளின் விரதத்தை நான் எடை கூடி முடித்தேன். அடுத்த வருஷமும் இருக்கலாம் என்று யோசனை.

இடையில் ஒருமுறை விஞ்ஞானம் என் பக்கம் திரும்பியது. குன்னூர் எலிகளின் வரலாற்றைப் படித்தேன். ராபர்ட் மெக்கரிசன் என்ற வெள்ளைக்கார ராணுவ மருத்துவர் 1918இல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு ஆய்வகம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்கரிசன் ஒரு காரியம் செய்தார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒரு கூட்டத்துக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒன்றுக்கு மராட்டியர் சாப்பாடு, ஒன்றுக்கு வங்காளிச் சாப்பாடு, ஒன்றுக்கு நம் மதராஸ் சாப்பாடு என்று போட்டு வளர்த்தார். மதராஸ் எலிக்குத் தீட்டின அரிசிச் சோறு, துவரம்பருப்பு, கொஞ்சம் மோர், தேங்காய், காபிகூட உண்டாம். கடைசியில் எல்லா எலிகளையும் நிறுத்துப் பார்த்ததில் சீக்கிய எலி முதல் இடம். ஆகக் குறைந்த எடை, நம் ஊர் எலி.

நான் படித்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுக்களைக்கு ஓடினேன். "பாரு! மதராஸ் சாப்பாடு இளைக்க வைக்கும்னு நூறு வருஷத்துக்கு முன்னாலயே நிரூபிச்சிருக்காங்க. சோத்தைப் போடு!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மீதியைப் படித்தாள். "இளைக்கலைங்க. அது வளரவே இல்லை. நோஞ்சானா இருந்திருக்கு."

"வளராம இருக்கணும்னுதானே நானும் பார்க்குறேன்?"

தீட்டின அரிசியில் தவிடோடு உயிர்ச்சத்தும் போய்விடுகிறது, பாலும் முழுத் தானியமும் இருந்த தட்டு ஜெயித்தது, ஆகவே எலி நமக்குச் சொல்வது கைக்குத்தல் அரிசியும் கீரையும் மோரும் என்று அவள் விளக்கம் கொடுத்தாள். எலிக்குக் காபி கொடுத்த அந்த நல்ல மனிதரை நினைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரத்திலிருந்து வீட்டில் மாப்பிள்ளைச் சம்பா. அது ராத்திரி முழுக்க ஊற வேண்டும். குக்கரில் அது விடுகிற விசிலை எண்ணுவதற்குள் எனக்கு இரண்டு தடவை பசித்துவிடும்.

இப்போது அந்தக் கதை. வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது எங்கள் ஆபீஸ் வழக்கம். பரிசோதனைக்கு முந்தின சில நாட்களில் என்னைப் பார்த்தால் ரிஷி என்பீர்கள். விடியற்காலை நடை, மதியம் கீரை, ராத்திரி கஞ்சி. வெறும் வயிற்று சுகர் சமர்த்தாக வரும். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டு, அதே கதவைத் திறந்து மைசூர்பாகை எடுப்பேன். பல வருஷம் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருக்கவில்லை. இந்தத் தை மாதம் ஒரு புது டாக்டர் வந்தார். இளைஞர், ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மூன்று மாத சராசரி எடுக்கச் சொல்லிவிட்டார்.

அந்தப் பரிசோதனை எவ்வளவு அயோக்கியத்தனமானது என்பதை வெளியில் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. ரத்தச் சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. அந்த நாட்களில் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை, அணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினது ஒட்டினதுதான், அணு சாகிறவரை விடாது. கடைசி நாலு நாள் கஞ்சி குடித்தால் அது மன்னிக்காது. ஐப்பசியில் தின்ற அதிரசத்தைத் தையில் காட்டிக்கொடுக்கும். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தீபாவளி நல்லா நடந்துதா சார்?" என்றார். கார்த்திகையைப் பற்றியும் விசாரித்தார். சொந்த ரத்தமே உளவு பார்த்திருக்கிறது.

5.7க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 6.4ஐத் தாண்டினால் சர்க்கரை நோய். நடுவில் இருக்கிற எல்லைக்கோட்டில் எனக்கு வசதியான ஓர் இடம் கிடைத்திருந்தது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வில் நம் நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், எல்லைக்கோட்டில் 13 கோடிக்கு மேல் என்று கண்டிருக்கிறார்கள். பெரிய கூட்டத்தில்தான் நிற்கிறோம் என்று வீட்டில் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் கேள்வி என்றாள் கணக்கு டீச்சர்.

அன்றைக்கே ஒரு தராசு வந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரித் தட்டு ஒன்றுக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 27 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். 27 கிராமை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினாள். அது என் பொங்கலுக்குத் தொடக்க உரை. நாள் முழுக்கச் சமையலுக்கு அவ்வளவுதான் என்பதை ஜீரணிக்கவே எனக்கு நேரமாயிற்று. காய்கறி 400 கிராம் என்பது இன்னும் பெரிய அதிர்ச்சி. மூன்று பேருக்கு ஒரு கிலோவுக்கு மேல், தினமும். அதைத் தூக்கி வருவதற்கு உடற்பயிற்சி தேவைப்படுகிறவர் யார் என்ற கேள்விக்கு விடை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆக, காந்தி மார்க்கெட்டுக்கு என்னைத் துரத்தினார்கள். அங்கே போன பிறகுதான், முன்னோர் பட்டியலில் நான் ஒரு வரி விட்டு ஒரு வரி படித்துவந்தது தெரிந்தது. தை மாதத்து மார்க்கெட்டில் அவரையும் பச்சை மொச்சையும் பரங்கியும் சர்க்கரைவள்ளியும் சேனையும் குவிந்து கிடக்கின்றன. திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ள ஏழுகறிக் கூட்டு வைக்கிறார்களே, அந்த ஏழு கறி இதுதான். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் ஒரு குண்டான் நிறையக் கொதிக்கிற குழம்பும் இதுதான். விளைகிற மாதத்தில் மலிவாகக் கிடைப்பதை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமும் அந்தக் கூட்டை நான் களியைக் கீழே இறக்குவதற்கான வழித்துணை என்றுதான் நடத்தியிருக்கிறேன். களி ஒரு பிடி, கூட்டு நாலு கரண்டி என்பதுதான் அம்மா காலத்து அளவாம். நான் வளர்ந்த பிறகு அது தலைகீழானது. "நீ சின்னதுல ஒழுங்காத்தான் தின்ன" என்றார் அம்மா. அவருக்குப் பிள்ளைப் பாசம்.

மார்க்கெட்டுக்குப் போகிற பழக்கம் ஏற்பட்டதும் எனக்கு உள்ளூர ஓர் அகம்பாவம் வந்தது. பச்சை மொச்சையை விரலால் நசுக்கிப் பார்ப்பது, முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பது என்று பந்தா செய்தேன். கீரைக்கார அம்மா ஒருநாள், "சார், பார்க்குறது போதும், வாங்கிட்டுப் போங்க. கீரை வாடுது" என்றார்.

வீட்டில் இன்னொரு சட்டமும் வந்தது. பலகாரத்துக்குத் தடையில்லை, செய்கிறவர் தின்னலாம். கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் பலி, கோகுலாஷ்டமிச் சீடை. உளுந்து மாவைச் சலிக்காவிட்டாலோ, உருட்டும்போது அழுத்தி உருட்டிவிட்டாலோ, உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வாணலிக்குள்ளேயே வெடிக்கும். இதை அம்மா எனக்கு முன்கூட்டியே சொன்னார். நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டேன். கூரைக்குப் போடத் தோன்றவில்லை. அந்த எண்ணெய்ப் பொட்டுகள் சமையலறை மேற்கூரையில் இன்னும் இருக்கின்றன. விருந்தாளிகளிடம் நட்சத்திர மண்டலம் என்று மனைவி அறிமுகப்படுத்துகிறாள்.

அதிரசத்தோடு எனக்கிருந்த உறவும் இந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்டது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் அரைத்து, சலித்து, வெல்லப் பாகு காய்ச்சி, தண்ணீரில் விட்டால் உருட்ட வருகிற பதத்தில் இறக்கி, மாவைக் கொட்டிக் கிளறி, மூடிவைத்து, ஓரிரு நாள் காத்திருந்து, வாழை இலையில் தட்டி, சின்னத் தீயில் பொரித்து, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்து எடுக்க வேண்டும். பாகு ஒரு நிமிஷம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் கரைந்துபோகும். பிந்தினால் பல் டாக்டருக்கு வருமானம். இவ்வளவையும் செய்து முடித்த ஒருவரால் இரண்டுக்கு மேல் தின்ன முடியாது. கை தூக்க வராது. அம்மா ஒரு காலத்தில் இருநூறு, முந்நூறு சுட்டுவிட்டு இரண்டைத் தின்றதையும், நான் பாயில் படுத்துக்கொண்டு கணக்கில்லாமல் தின்றதையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்காமல் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டேன்.

இந்தத் தீபாவளிக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று நேற்று அதிகாரபூர்வமாகக் கேட்டார்கள். தீர யோசித்து, ரவா லட்டு என்று சொன்னேன். வறு, பொடி, நெய்யைச் சூடாக்கி ஊற்று, பிடி. அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். தின்பதற்குத் தெம்பும் மிச்சம் இருக்கும். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"பருவத்துக்கு ஏத்த பலகாரம்தான் செய்யணும்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றாள் மனைவி. "ரவை எந்த மாசத்துலங்க விளையுது?"

அம்மா உள் அறையிலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. பதிலுக்கு ஒரு நாள் அவகாசம் வாங்கியிருக்கிறேன். பொட்டுக்கடலை உருண்டைக்கு ஐப்பசியோடு ஏதாவது பழைய தொடர்பு இருப்பதாகத் தெரிந்தவர்கள் சாயங்காலத்துக்குள் தெரிவித்தால் புண்ணியமாகப் போகும்.